ஆர் கூப்பிட்டாலும்

நான்கு மணிக்கே இருட்டிவிடும் கார்த்திகை மாதம். யோகமலர் லண்டன் டூட்டிங் ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. கொத்துரொட்டிக் கடையின் எண்ணெய்ப் புகை ஈரத்தில் மேலே போகாமல் தெருவிலேயே நின்றது.

மரக்கறிக் கடை ஞானேஸ்வரன் கறிவேப்பிலையைச் சுற்றிக் கொடுத்துவிட்டு அவளுடைய தோளைப் பார்த்தான்.

"அக்கா, பையின்ர சிப் திறந்து கிடக்கு. சைக்கிள்ல வந்து பறிச்சுக்கொண்டு போறாங்கள். முன்னுக்குப் போடுங்கோ."

"பறிக்கட்டும்."

அவன் சிரிக்கப் பார்த்தான். பிறகு அவளுடைய மகளின் நினைவு வந்திருக்கும்; குனிந்து கத்தரிக்காய்களை அடுக்கத் தொடங்கினான்.

முன்னுக்குப் போடு. அது யோகமலருடைய வசனம். மகள் துஷ்யா வேலை விஷயமாகச் சிகாகோவுக்குப் புறப்பட்ட காலையில் யோகமலர்தான் சொன்னாள். காசை இரண்டு இடத்தில் வை, ரயில் மேடையின் ஓரத்தில் நிற்காதே, காதுக்குள் பாட்டு வேண்டாம்.

"பின்னால ஆர் கூப்பிட்டாலும் திரும்பாத. பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாத. வேகமா நட."

"நீங்கள் கூப்பிட்டாலுமோ?" சப்பாத்தைக் கட்டிக்கொண்டே மகள் கேட்டாள்.

"நான் ஏன் கூப்பிடுறன்? வெளிக்கிட்டவையைப் பின்னால கூப்பிடக் கூடாது."

"அப்ப பின்னால கேக்கிறது எப்பவும் கள்ளன்தான். ஓகே போலீஸ் அம்மா, போட்டு வாறன்."

எல்லாம் சொன்னவள் ஒன்றைச் சொல்லவில்லை. அங்கே வாகனங்கள் மற்றப் பக்கத்திலிருந்து வரும். துஷ்யா லண்டனில் பிறந்தவள். இங்கே 'வலப்பக்கம் பார்' என்று தெருவிலேயே வெள்ளையில் எழுதியிருக்கிறார்கள். அங்கேயும் அவள் வலப்பக்கம்தான் பார்த்தாள், ஒன்றும் வரவில்லை. இறங்கினாள். கார் இடப்பக்கத்திலிருந்து வந்தது. நடைபாதையில் நின்ற ஒருத்தி பின்னாலிருந்து கத்தினாளாம்.

திரும்பவில்லையாம். வேகமாக நடந்தாளாம்.

சொன்னதைக் கேட்கிற பிள்ளை.

கடை வெளிச்சங்கள் முடிந்த இடத்தில், பூட்டிக் கிடந்த சலவைக் கடையைத் தாண்டி, ஒருத்தி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். மஞ்சள் மழைக்கோட்டு, துஷ்யா புறப்பட்ட காலையில் போட்டிருந்ததைப் போல. முதுகில் குறுக்காக வார் மட்டும் தெரிந்தது. பை நெஞ்சுப் பக்கம். ஈர நடைபாதையில் எல்லாருடைய காலடியும் கேட்டது.

அவளுடையது கேட்கவில்லை.

யோகமலர் எட்டி நடந்தாள்.

"துஷ்யா."

திரும்பவில்லை.

"பிள்ளை, அம்மாதான் கூப்பிடுறன்."

நடை வேகமானது.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. பயந்து போவது அந்தப் பிள்ளை. இருட்டில் பின்னால் வரும் குரல் யாருடையது என்று அதற்குத் தெரியாது. அம்மா கூப்பிடமாட்டாள் என்று மட்டும் தெரியும்.

"ஒருக்காத் திரும்பு. ஒரேயொருக்கா உன்ர முகத்தைக் காட்டு."

மஞ்சள் கோட்டு தெருவில் இறங்கியது. யோகமலர் ஒரு பக்கமும் பார்க்கவில்லை. அவளும் காலை வைத்தாள்.

"அம்மா."

பின்னாலிருந்து. காதோரமாக. குனிந்து சப்பாத்துக் கட்டும்போது வருகிற, மூச்சடைத்த அதே குரல்.

ஆர் கூப்பிட்டாலும் திரும்பாதே என்று சொன்னவள் திரும்பினாள்.

திரும்பிய வேகத்தில் கால் நடைபாதைக்கு வந்துவிட்டது. சிவப்பு பஸ் ஒன்று ஹோர்னை அலறவிட்டபடி அவளுடைய முதுகை உரசுவதுபோல் போனது.

பின்னால் ஒருவரும் இல்லை. தெருவுக்கு அந்தப் பக்கமும் மஞ்சள் இல்லை. கையிலிருந்து விழுந்த கறிவேப்பிலை, காலடியிலிருந்த வெள்ளை எழுத்துகளின்மேல் நசிந்து மணத்தது.

"எங்க நிக்கிறாய்?" என்று அவள் மெல்லக் கேட்டாள். "இனிக் கூப்பிடமாட்டன். நீ திரும்பிப் பார்க்கவும் வேண்டாம். கொஞ்ச நேரம் நில்லு."

மழை மறுபடி தூறத் தொடங்கியது.

கண்ணைத் துடைக்கக் கைக்குட்டை எடுக்கவென்று தோளுக்குக் கையைக் கொண்டுபோனாள். தோளில் பை இல்லை.

பறித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தாள்.

பிறகு குனிந்து பார்த்தாள். வார் முதுகைச் சுற்றிக் குறுக்காக வந்திருந்தது. பை அவளுடைய நெஞ்சோடு அணைந்து கிடந்தது.

சிப் கடைசிவரை இழுத்துப் பூட்டியிருந்தது.