எலிப்பொறிச் சுவர்

வீட்டில் அவளை எல்லோரும் ‘மோப்பம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பாலில் தண்ணீர் கலந்திருந்தாலும் சரி, தம்பி பல் தேய்க்காமல் டிமிக்கி கொடுத்தாலும் சரி, முதலில் கண்டுபிடிப்பவள் அவள்தான். அப்படிப்பட்டவள் காதில் போயா அந்த வார்த்தை விழவேண்டும்!

வீட்டை ஒட்டிப் புதிதாக இரண்டு அறைகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒன்று முடிந்துவிட்டது, மற்றதன் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. கொத்தனார் அக்கா போனில் யாரிடமோ சொன்னார்: “எலிப்பொறிதான் போட்டிருக்கேன். கல்லு நிறைய மிச்சமாகும்.”

எலியே இல்லாத வீட்டில் எதற்கு எலிப்பொறி? மிச்சமாகும் கல் யார் வீட்டுக்குப் போகும்? மோப்பத்துக்குச் சோறு இறங்கவில்லை.

அக்கா டீ குடிக்கப் போனதும், மணல் குவியலில் ஏறிச் சுவரை எட்டிப் பார்த்தாள். செங்கற்களைப் படுக்க வைக்காமல் குத்துக்கல் மாதிரி நிறுத்தியிருந்தார். நடுவே கட்டம் கட்டமாக வெற்றிடம். தட்டினால் டொக் டொக் என்றது. அட, உள்ளே ஒன்றுமே இல்லை!

நேரே அப்பாவிடம் போய்ப் போட்டுக்கொடுத்தாள். அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. வேலையை நிறுத்தச் சொன்னார். சாயங்காலம் சுவரை இடித்துவிட்டு வேறு ஆள் பார்க்கப்போவதாகவும் சொன்னார்.

கொத்தனார் அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். இப்படிக் கட்டுவதற்குப் பெயரே எலிப்பொறிக் கட்டுதானாம். கல்லும் குறைவாம், வீடும் குளுமையாக இருக்குமாம்.

“உள்ள இருக்கிற காத்துதாங்க சூட்டைத் தடுக்கும்.”

“காத்தை வச்சு யாராவது வீடு கட்டுவாங்களா?” என்றார் அப்பா.

அக்கா முகம் வாடிப்போய்ச் சிமெண்ட் பூசும் கரணையைக் கழுவ ஆரம்பித்தார். அதைப் பார்த்ததும் மோப்பத்துக்கு என்னவோ போலாகிவிட்டது. இப்போது அவளுக்குத் தன்மேலேயே சந்தேகம். அக்கா சொல்வது நிஜமாக இருந்தால்? அவர் வேலை போவது தன்னால்தானே?

அவளிடம் இரண்டு சாக்லேட் இருந்தன. ஒன்றை வீட்டின் பழைய அறையில், கெட்டியான மேற்குச் சுவரை ஒட்டி வைத்தாள். இன்னொன்றை, அக்கா இதே எலிப்பொறிக் கட்டில் கட்டி முடித்திருந்த புது அறையில், அங்கேயும் மேற்குச் சுவரை ஒட்டி வைத்தாள். இரண்டுக்கும் ஒரே மாதிரிக் கூரை, ஒரே வெயில். கதவுகளைச் சாத்திவிட்டு, தம்பி கிட்டே வராதபடி காவல் இருந்தாள்.

வெயில் சாய்ந்ததும் திறந்து பார்த்தாள். பழைய அறைச் சாக்லேட் கூழாகிக் கிடந்தது. புது அறைச் சாக்லேட் வைத்தது வைத்தபடி கெட்டியாக இருந்தது.

அப்பா கடப்பாரையோடு வந்தார். அவள் குறுக்கே நின்றாள்.

“நான்தான் தப்பா சொல்லிட்டேன்ப்பா. அக்கா ஏமாத்தல. இதைப் பாருங்க.”

அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. ஒன்றை அடுப்பில் காட்டி உருக்கினாயா என்று அவளையே கேட்டார்.

“அப்ப நீங்களே புது ரூமுக்குள்ள போய்ச் சுவரைத் தொட்டுப் பாருங்க.”

முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார். அந்த இடைவெளியில் மோப்பம், வாசலில் நின்ற அக்காவிடம் மன்னிப்புக் கேட்டாள். அக்கா அவள் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தார். போன அப்பாவைத்தான் காணோம். இருவரும் மெல்ல எட்டிப் பார்த்தார்கள்.

கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு, சுவரில் முதுகைச் சாய்த்து, அப்பா சுகமாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.