இல்லாத வளைவுக்குக் குனிந்தவன்

செங்கதிர் மறைந்து கார்த்திகை நிலவு எழும் அந்த இனிய வேளையில், கரைபுரண்ட வெள்ளாறு நெடும்புரிசைக் கோட்டையின் தென்மதிலைத் தழுவிச் சென்றுகொண்டிருந்தது. அன்பார்ந்த வாசகர்களே, இந்த மதிலின் கதை வேடிக்கையானது. ஆதியில் இது வெறும் முள்வேலி. பாண்டியர் அதை மண்மதிலாக்கி, ஆற்றுப் பக்கம் தாழ்ந்த வாசல் ஒன்றும் வைத்தார்கள். பிறகு ஊரைப் பிடித்த சோழர், அவ்வாசலை அவசரமாக மண்கொட்டி அடைத்து, மதில் முழுவதையும் கருங்கல்லால் போர்த்தினார்கள். எல்லையூராகப் பிறந்துவிட்டால் இந்தப் பாடுதான்!

மதிலின் உட்புறப் பாதையில் இரண்டு குதிரைகள் மெல்ல நடந்தன. ஒன்றில் சோழர்களின் கோட்டைத் தலைவரின் மகள் கோதைநங்கை. மற்றொன்றில், ஒரு மாதமாக அவள் உறக்கத்தைக் கெடுத்துவந்த குதிரை வணிகன் சாத்தன். ஓரிடத்தில் சாத்தன் சட்டென்று குதிரையின் கழுத்தோடு குனிந்து நிமிர்ந்தான்.

"எதற்காகக் குனிந்தீர்கள்?" என்றாள் நங்கை.

"வௌவால் ஏதோ பறந்தது, தேவி."

"ஒன்றும் பறக்கவில்லை. பழைய வாசலின் வளைவு இங்கேதான் பாதைக்கு மேல் தாழ்ந்திருந்ததாம். என் தந்தை அதை எப்போதோ இடித்துவிட்டார். இவ்வூருக்குப் புதியவரான நீங்கள், இல்லாத வளைவுக்கு எப்படிக் குனிந்தீர்கள்?"

சாத்தன் குதிரையை நிறுத்தினான். பிறகு, "சிறுவயதில் தந்தையின் குதிரையில் முன்னால் அமர்ந்து இவ்வழியே வருவேன். 'தலையைக் குனி, மகனே' என்பார். அவர் பெயர் ஏனாதி எயினன்" என்றான்.

இக்கோட்டையின் கடைசிப் பாண்டியத் தளபதி! நங்கை தன் குதிரையைச் சட்டென்று அவன் பக்கம் திருப்பினாள்.

"அடைத்த வாசலைத் தேடி வந்த ஒற்றரா நீங்கள்?"

"ஆம். கல் எல்லாம் ஒரே மாதிரி இருக்க, இடம் தெரியாமல் தவித்தேன். இப்போது என் கழுத்தே காட்டிக்கொடுத்துவிட்டது, எனக்கும் உங்களுக்கும்."

அந்தக் கல்லுக்குப் பின்னால் இருப்பது கெட்டித்த மதில் அல்ல, அவசரத்தில் கொட்டிய வெறும் மண் என்பதை நங்கை அறிவாள். யானைகள் முட்டினால் சரிந்துவிடும். அவள் கூவினால் அவன் தலை போகும். வாய் மூடினால் ஊரே போகும். பாவம், அவள் என்ன செய்வாள்!

"போய்விடுங்கள்" என்றாள். "ஆனால் நாளையே இவ்விடத்தில் எனக்கு மாளிகை எழும்பும். என் மஞ்சம் இந்தக் கல்லை ஒட்டியே இருக்கும். மதிலை இடித்தால் முதல் கல் என்மேல்தான் விழும். இது என் சபதம்!"

அவன் கண்கள் கலங்கின. "என் தந்தைமேல் ஆணை. இதை இடிக்க வரமாட்டேன். சமாதானம் பேசிப் பெண் கேட்க வருவேன். அன்று வாசலைத் திறப்பீர்களா?"

"திறந்தாலும் தாழ்வாகத்தான் இருக்கும்."

"குனிய எனக்குச் சொல்லித்தர வேண்டுமா, தேவி?"

மறுகணம் அவன் குதிரையிலிருந்து இறங்கி, மதிற்படிகளில் தாவியேறி ஆற்றில் குதித்தான். ஓசை கேட்டுக் காவலர்கள் ஓடிவந்தார்கள். "வணிகர் எங்கே, தேவி?"

ஆளில்லாத குதிரையின் கடிவாளத்தைப் பற்றியபடி நங்கை சொன்னாள்: "குதிரையை என்னிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். திரும்பி வருவார்."