தேன்பெட்டிக்குள் விட்டில்

தேன்பெட்டியின் மூடியைத் தூக்கியதும் அவளை முதலில் உறுத்தியது சத்தம்தான்: தேனீக்கள் இரைகிற பெட்டிக்குள்ளிருந்து சுண்டெலி கத்துவதுபோல ஒரு கீச்சு. குனிந்து பார்த்தாள். உள்ளங்கை அகல விட்டில் ஒன்று, முதுகில் மண்டை ஓடு வரைந்தாற்போல் மஞ்சள் கறையுடன், அடையில் தன் குட்டைக் குழலைக் குத்தித் தேனை உறிஞ்சிக்கொண்டிருந்தது. தேனீக்கள் அதன் மேலேயே ஏறி இறங்கி வேலை பார்த்தன. ஒன்றுகூடக் கொட்டவில்லை.

"என் கையப் பாத்தா மட்டும் பாஞ்சு வருவீங்க! திருட்டு நாய் உள்ள உக்காந்து குடிக்குது, வழி விட்டு நிக்கிறீங்களாடி?"

பக்கத்துப் பெட்டியருகே நின்ற பண்ணை மேஸ்திரி சிரித்தான். "அதுங்கள ஏம்மா திட்டுற? இது தேனீ வாசனையப் பூசிக்கிட்டுல்ல வந்திருக்கு. வீட்டு ஆளுன்னு நெனச்சுக்குதுங்க."

"வீட்டு ஆளத் தெரியாத மூக்கு என்னத்துக்கு?"

விட்டிலைப் பிடுங்கிச் செருப்பால் நசுக்கினாள். அப்படியும் ஆத்திரம் அடங்கவில்லை.

பொழுது சாய வீட்டுக்கு வந்தால் கதவு தாழிட்டிருந்தது. ஈர விறகின் புகை, உலை கொதிக்கிற ஆவி, கூரைத் தகரத்தில் காற்று உரசி முனகுகிற முனகல், இத்தனைக்கும் நடுவே உள்ளே ஒருத்தி அவள் புருஷனை ஏசிக்கொண்டிருந்தாள்.

"யோவ், தண்ணி புடிச்சு வைக்கச் சொன்னா காதுலயே விழாதா?"

அவளுடைய வசவு. அவளுடைய குரல்.

எவளையோ கூட்டிவந்து வைத்திருக்கிறான் என்றுதான் நினைத்தாள். ரத்தம் தலைக்கேறியது. கதவை எட்டி உதைத்தாள். "யோவ், தொற! எவ அவ உள்ள?"

பேச்சு நின்றது. கதவு திறந்தது. இத்தனை காலம் அவள் உழைத்துப் போட்டதைத் தின்ற புருஷன் அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"யாரும்மா நீ? என்ன வேணும்?"

"குடிச்சிருக்கியா? ஏய் வாண்டு, வெளிய வாடி! அம்மாடி நான்!"

மகள் உள்ளிருந்து மூக்கைப் பொத்திக்கொண்டாள். "அந்தப் பொம்பள மேல என்னமோ நாத்தம் அடிக்குது. போகச் சொல்லும்மா."

சொல்லும்மா. யாரிடம்?

பாய்ந்தாள். புருஷன் விறகுக்கட்டையை ஓங்கினான். அவன் தோளுக்கு மேலே தெரிந்தது. அவளுடைய புடவை. அவளுடைய முகம். மடியில் வாண்டு.

"வாடி என் கண்ணு" என்றது அது. பிள்ளையின் உச்சந்தலையில் வாய் வைத்தது. முத்தம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வாயை எடுக்கவில்லை. தொண்டை ஏறி இறங்கியது.

"விடுடி! என் புள்ளைய விடுடி!"

வாண்டு கண்மூடிச் சிரித்தாள். பிள்ளையின் கன்னம் குழிந்து ஒட்டிக்கொண்டே போயிற்று. புருஷன், குடும்பத்தைக் காக்கிறவனாக, கட்டையை இறக்காமல் வாசலை அடைத்து நின்றான்.