மை கரைந்த அட்டைகள்

"மருந்தால மூளைக்குள்ள போக முடியலைன்னா, யாராவது கூடப் போய்க் கதவைத் திறந்துவிடக் கூடாதா, டாக்டர்?"

தலைக்குள் கட்டியோடு படுத்திருந்த ஒரு சிறுமி முன்பு கேட்ட கேள்வி இது. அன்றிலிருந்து ஆராய்ச்சிக்கூடத் தலைவருக்கு அதே வேலைதான். மூளையின் காவலைத் தளர்த்த ஒரு மருந்து, அதன் பின்னாலேயே கட்டியைக் கரைக்க இன்னொன்று. இப்படி மூன்று ஜோடிகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். மூன்றாம் ஜோடி அபாரமாக வேலை செய்தது. மறுமாதம் திரும்பச் செய்தபோது அதுவே சுத்தமாகக் கைவிட்டது.

"முதல் தடவை எழுதின கணக்கு பொய்!" என்று எல்லார் முன்னாலும் தன் மாணவியைக் குற்றம் சொல்லிவிட்டார். அவளை நீக்கும் கடிதம் கையெழுத்துக்குக் காத்திருந்தது. குற்றத்தை உறுதி செய்யத்தான் ஓய்வுபெற்ற மருந்து ஆய்வாளரான ஒரு அம்மாவை அழைத்தார். முன்னாள் பஸ் கண்டக்டரான அந்த அம்மாவின் தம்பியும் ஒட்டிக்கொண்டு வந்தார்.

"கேஸ் முடிஞ்சுது அக்கா! அந்தப் பொண்ணைப் பாரு, டிக்கெட் எடுக்காதவ மாதிரியே முழிக்கிறா."

"அழுது ஓய்ஞ்ச முகம்டா அது. சும்மா இரு."

அம்மா கூண்டுகளில் தொங்கிய பழைய அட்டைகளை எடுத்துப் பார்த்தார். முதல் சோதனையில், மூன்றாம் ஜோடியின் அட்டைகளில் மட்டும் கீழ்வரி மை கரைந்திருந்தது. கைகழுவும் தொட்டியருகே, கையுறைகளுக்கு நடுவே ஒரு ரப்பர் வெந்நீர்ப் பை தொங்கியது.

"மூணாவது ஜோடிக்கு எப்ப ஊசி போட்டீங்க?" என்று மாணவியிடம் கேட்டார்.

"கடைசியா. சாயங்காலம்."

"ரெண்டாவது தடவை எலிங்களைப் பார்த்துக்கிற அம்மா இருந்தாங்களா?"

"லீவு. மகளுக்குப் பிரசவம்."

அம்மா மாணவியையும் எலிக்காரம்மாவையும் தலைவரின் அறைக்கு வரச் சொன்னார்.

"பொய்க் கணக்கு எழுதறவ ரெண்டாவது தடவையும் நல்லா வந்ததாத்தானே எழுதியிருப்பா? தோத்ததை அப்படியே எழுதியிருக்கா, சார். ஆனா முதல் தடவை கூண்டுக்கு அடியில ஏதோ கசிஞ்சிருக்கு."

எலிக்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஊசிக்காகக் கொடுத்த மயக்கம் தெளியறப்ப எலிப் பசங்க வெடவெடன்னு நடுங்குச்சுங்க. பகல்ல போட்டதுங்களுக்கு வெயில் இருந்துச்சு, இதுங்களுக்கு இல்ல. மனசு கேக்காம வெந்நீர்ப் பையை அடியில வெச்சேன். விதிய மீறிட்டேன்னு பயந்து வாயைத் திறக்கல. பாவி நான், இந்தப் பொண்ணு மேல பழி விழுந்தப்பவும் பேசாம இருந்துட்டேன்."

"அந்தச் சூடு ரத்தக் குழாயை விரிச்சு மருந்தை உள்ளே விட்டிருக்கலாம், சார். அடுத்து சோதிக்க வேண்டியது அதைத்தான்" என்றார் அம்மா.

தம்பி தொண்டையைச் செருமினார். "நான் முதல்லயே சொன்னேன்ல, பொண்ணு நல்ல பொண்ணுன்னு!"

தலைவரால் நிமிர முடியவில்லை. ஒன்பது வருடம் ஒரே கூடத்தில் இருந்தும், எலிக்காரம்மாவை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றாத வெட்கம் அவர் காதுவரை சுட்டது.

"மன்னிச்சிடும்மா" என்றார் மாணவியிடம்.

"பரவாயில்ல சார்" என்றாள் அவள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

எல்லாரும் போனபின் கதவைச் சாத்தி, கடிதத்தைக் கிழித்தார். அது சுலபமாக இருந்தது. பிறகு அடுத்த சோதனைக்கான விண்ணப்பத்தை எடுத்தார். மூன்றாம் ஜோடியை முதன்முதலில் சொன்னவள் அந்த மாணவிதான். இத்தனை நாளும் அதைத் தன் யோசனை என்றே மேடைகளில் பேசிவந்தார். தலைமை என்ற இடத்தில் அவள் பெயரை எழுதினார். வெப்ப யோசனை தந்தவர் என்று எலிக்காரம்மாவின் பெயரை எழுதினார். எல்லாவற்றுக்கும் கீழே, உதவி என்ற வரியில், தன் பெயரை எழுதி உறையை ஒட்டினார்.