ஓரம் வெட்டாத காசு

மகள் கல்யாணத்துக்குத் துணி எடுக்க ஆயிரத்து இருநூற்று எழுபதாம் ஆண்டுக்குப் போவது நிலாவில் குடியேறியவர்களுக்கு அப்போது சாதாரணமாகிவிட்டது. குடியேற்றத்துக் குளிர் எலும்பைக் குடையும்; கம்பளி என்றால் பிரான்சு தேசத்து துரோவா சந்தைக் கம்பளிதான். காலவாசலில் காலையில் நுழைந்தால் சாயங்காலம் மூட்டையோடு திரும்பலாம். சம்பந்தி வீட்டார் போன மாதமே போய் வந்துவிட்டார்கள். கோமளவல்லி விடுவாளா? கிளம்பிவிட்டாள்.

காதுக்குள் பதித்த மொழிச்சில்லு அந்த ஊர்ப் பேச்சைத் தமிழாக்கும். வெள்ளைக்காரர்கள் செந்தமிழில் பேசினால் சிரிப்பு வந்துவிடும் என்று, பிறந்த வீட்டு நெல்லைப் பேச்சையே அதில் தேர்ந்தெடுத்திருந்தாள். செலவுக்குச் சுற்றுலாக் கம்பெனி ஒரு பை வெள்ளிக்காசு கொடுத்தது. போன மாதம்வரை தேய்ந்த பழங்காசுதான். இந்த மாதம் தரத்தை உயர்த்துகிறோம் என்று, அந்நாட்டு ராஜாவின் ஆணையில் சொன்ன எடை, சொன்ன வட்டம், இம்மியும் பிசகாமல் எந்திரத்தில் அச்சடித்துவிட்டார்கள். வினையே அதில்தான் இருந்தது.

சந்தையில் காசு மாற்றும் கியோம் என்பவன் ஒன்றை எடுத்துத் தராசில் வைத்தான்.

“யம்மா, இது கள்ளக்காசுல்லா!”

“வாயக் கழுவும். ராசா ஆணைப்படி அடிச்ச காசு இது.”

“அதத்தான் நானும் சொல்லுதேன். ராசா ஆணைப்படி இருக்க காச இந்த ஊர்ல எவன் கண்டான்? ஓரம் முழுசா இருக்கு, எடை சரியா இருக்கு. நல்ல காசு இப்படியா இருக்கும்?”

அந்த ஊரில் காசு கைமாறும்போதெல்லாம் ஆளாளுக்கு ஓரத்தில் ஒரு சீவல் வெட்டிக்கொள்வார்கள். வெட்டக்கூடாதென்று சட்டம் உண்டு. சட்டம் எந்த ஊரில்தான் இல்லை! கள்ளக்காசு அடித்தவரைக் கொதிக்கிற கொப்பரையில் போடுவார்கள் என்பதும் சட்டம். அதை மட்டும் தவறாமல் நடத்தினார்கள். கோமளவல்லிக்கு முகூர்த்தக் கவலை வந்துவிட்டது. பெண்ணைப் பெற்றவள் இங்கே வெந்துகொண்டிருந்தால் அங்கே முகூர்த்தம் என்னாவது?

கியோம் கூப்பிட்ட காவலன் அந்தக் காசைச் சாட்சியாக எடுத்துக்கொண்டு அவளை இழுத்துப் போனான். பாதி வழியிலேயே இடுப்புக் கத்தரியால் ஓரத்தில் ஒரு துண்டு நறுக்கினான். “நடக்கக் கூலி வேண்டாமா?” வழக்கை எழுதியவர் மைக்கூலி என்று ஒரு துண்டு. சிறைக் கதவைத் திறந்தவன் சாவிக்கூலி என்று இன்னொன்று. நீதிபதி கண்ணியமானவர், மேசைக்கு அடியில் வைத்து நறுக்கினார். பிறகு தன் பையிலிருந்து ஒரு காசை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“எவம்லே இதக் கள்ளக்காசுன்னது? அச்சு அசலா எங்கிட்ட இருக்க காசு மாதிரில்லா இருக்கு!”

கியோமுக்கு அபராதம் விழுந்தது. கோமளவல்லிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வெளியே வந்ததும் காவலனிடம் கத்தரியை வாடகைக்கு வாங்கி, மிச்சக் காசையெல்லாம் உட்கார்ந்து நறுக்கினாள். அப்புறம் சந்தையில் அவளைக் கேட்க ஆளில்லை. சம்பந்தி எடுத்ததைவிட உசத்தியான கம்பளியாகப் பார்த்து எடுத்தாள். நறுக்கிய வெள்ளியைக் கீழே போடவா முடியும்? முந்தானையில் முடிந்துகொண்டாள்.

காலவாசலில் சோதனை எந்திரம் மறித்தது.

“அம்மா, உங்கள் முந்தானையில் வெள்ளி இருக்கிறது. செலவழிக்காத வெள்ளி கம்பெனிக்குச் சொந்தம். எடுத்து வையுங்கள்.”

“எய்யா, நீ நல்லா இருப்பே. நீயும் ஒரு துண்டு வச்சுக்கோ” என்று அதன் இரும்புக் கையில் ஒரு சீவலை வைத்து விரல்களை மூடினாள்.

எங்கள் எந்திரங்கள் லஞ்சம் வாங்காது என்று நிலாக் குடியேற்றமே மார்தட்டிக்கொள்ளும். உண்மையில் யாரும் கொடுத்துப் பார்த்ததில்லை. நிலாவில் ரொக்கமே கிடையாது. எதைக் கொடுத்தாலும் கணக்கில் ஏறிவிடும். எந்திரம் தன் விதிகளையெல்லாம் புரட்டிப் பார்த்தது. இப்படி ஒன்று நடந்தால் என்ன செய்வதென்று அவற்றில் எங்கும் எழுதவில்லை.

“போகலாம் அம்மா” என்று வழிவிட்டது.

அவளுக்குப் பின்னால் ஒரு பயணி வந்தார். எந்திரம் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கையை மட்டும் நீட்டியது.