கயிற்றில் பதினோராவது முடிச்சு

கிணற்றின் ஆழம் ஒன்பது அடி குறைந்திருந்தது.

இராஜரத்தினம் அளவுக் கயிற்றை இழுத்தெடுத்து அடிக்கொன்றாக இருந்த முடிச்சுகளை மறுபடியும் எண்ணினான். பதினொன்று. பொதுச் சுகாதாரப் பரிசோதகனாகப் பொறுப்பேற்ற முதல் கிழமையில் இதே கிணற்றை அளந்து, இருபது அடி என்று பதிவேட்டில் எழுதியவன் அவனேதான். அன்று கயிற்று நுனியில் கட்டிய கல் தண்ணீரில் விழுந்த சத்தம் தெளிவாகக் கேட்டது. இன்று கேட்கவில்லை.

எண்பத்து மூன்று யூலைக் கலவரம் அடங்கி நாலாம் நாள். பேராதனை வீதியோரம் எரிந்துபோன தமிழ்க் கடைகளின் பின்புறத்தில், கருகிய அரிசியும் தேங்காயெண்ணெயும் உருகிய ரப்பர்ச் செருப்புகளும் கலந்த வாடை நண்பகல் வெயிலில் கசிந்து, கிணற்றடியில் மட்டும் வேறொன்றாகத் தித்தித்தது. கிணற்றில் மருந்து போட வேறு எவரும் வேலைக்கு வராததால் காரியாலயத்தில் அவனை அனுப்பியிருந்தார்கள். திருநீற்றை அழித்துவிட்டு வந்திருந்தான்.

கூட வந்த தொழிலாளி வீரய்யா ஜீப்பிலேயே சொல்லிவிட்டார்: "அங்க நம்ம பாஷை வேணாங்க ஐயா. பேரு கேட்டா கடைசி எழுத்த முழுங்கிருங்க."

கிணற்றடியில் நின்ற சிங்களவர்கள் கேட்டார்கள். ராஜரத்ன என்றான். நல்ல சிங்களப் பெயர். இரும்பு அலவாங்கை, கடப்பாரையை, ஊன்றி நின்றவன் சிரித்தான். பின்னால் இன்னும் மூன்று பேர். மருந்தைப் போட்டுத் தண்ணீர் நல்லதென்று கையெழுத்து வைத்தால், நாளைக்கே கடைகளைத் தாங்கள் திறக்கலாமாம்.

எரிந்த கூரை வளைமரங்கள் உள்ளே விழுந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடியும் கல்லை இறக்கினான். பத்து. இழுத்தும் கல் மேலே வரவில்லை. கயிறு விறைத்தது. தளர்ந்தது. பிறகு, மெல்ல, இரண்டு தரம் இழுபட்டது.

"என்ன மாத்தயா, அடியில புதையலா?" சிங்களத்தில் கேட்டான் அலவாங்குக்காரன்.

இராஜரத்தினம் கயிற்றைக் கையில் சுற்றி இறுக்கிப் பிடித்தான்.

"கொட்டிருங்க ஐயா," என்றார் வீரய்யா. வாய்தவறி. தமிழில்.

சிரிப்பு நின்றது. அலவாங்கு மண்ணிலிருந்து கிளம்பியது. முதல் அடி வீரய்யாவின் முழங்காலில். எலும்பு முறிந்த சத்தம். அவர் இராஜரத்தினத்தையே பார்த்தார். இரத்தம் சிமெந்துத் தரையில் ஓடியது. அலவாங்கு இவன் பக்கம் திரும்பியது.

"நீ?"

அவன் மருந்து வாளியைத் தூக்கினான். பிளீச்சிங் பவுடர். கரைக்காமல். முழுவதும் கவிழ்த்தான்.

கீழே யாரோ இருமினார்கள். அதற்குக் கீழே இன்னொருவர்.

வெள்ளைத் தூள் படியப் படிய இருட்டில் உருவங்கள் தெரிந்தன. ஒரு முகம். அதன் தோளருகே மற்றொன்று. இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன முகம். வெள்ளை வெளேரென்று, எல்லாம் மேலே நிமிர்ந்து, கண்களை அகல விரித்தபடி.