நூற்று எண்பதாம் நாள்

போனை எடுத்தார்கள், ஆனால் யாரும் பேசவில்லை. ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், பழைய ஸ்டோர் ரூமைத் தடுத்துக் கொடுத்திருந்த ஆராய்ச்சி அறையில், ஏசியின் உறுமலுக்கு நடுவே போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கனிமொழி கேட்டாள். நீளமாக ஒரு ‘புஸ்’. கொஞ்சம் இடைவெளி. சின்னதாக ஒரு ‘டக்’. மறுபடியும் ‘புஸ்’. யாரோ சைக்கிளுக்குக் காற்றடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தாள். கத்திரி வெயிலில், மத்தியானம் இரண்டரை மணிக்கு, அவசரமே இல்லாமல் இவ்வளவு சீராக யார் காற்றடிப்பார்கள் என்று அவளுக்கே தோன்றியது.

இதே சத்தத்தை ஐந்து மாதத்துக்கு முன்பும் இதே நம்பரில் கேட்டிருக்கிறாள். 

ஐசியூவில் செயற்கை மூச்சில் கிடந்த முந்நூறு பேர் வீட்டுக்குப் போனபிறகு என்ன ஆனார்கள் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. இருபத்தெட்டாம் நாள், தொண்ணூறாம் நாள், நூற்று எண்பதாம் நாள் என்று ஆளுக்கு மூன்று போன். உயிரோடு இருந்தால் ஒன்று, இல்லையென்றால் சைபர். மூன்று வருட உழைப்பில் ஒரே ஒரு பொய் இருந்தது. நூற்றுப் பன்னிரண்டாவது நோயாளி துலுக்கானம். தொண்ணூறாம் நாள் அந்தச் சத்தத்தை மறுபடி கேட்க மனசில்லாமல், போன் போடாமலேயே ஒன்று என்று அடித்துவிட்டாள்.

இப்போது வழிகாட்டி இராமகிருஷ்ணன் சார், நாளை தணிக்கைக்கு வருகிறவர்கள் சில வீடுகளுக்குத் தாங்களே பேசப் போகிறார்கள், அந்தப் பட்டியலில் நூற்றுப் பன்னிரண்டும் இருக்கிறது என்கிறார். அந்த மனிதர் இடையில் போய்ச் சேர்ந்திருந்தால் பொய் வெளியே வந்துவிடும். பட்டமும் போய்விடும், பெயரும் கெட்டுவிடும்.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வானகரத்திலிருந்து மேனாம்பேட்டுக்குக் கிளம்பினாள். துலுக்கானம் உயிரோடு இருக்க வேண்டும் என்று வழி நெடுக வேண்டிக்கொண்டே போனாள். அது அவருக்காக இல்லை என்பது அவளுக்கே தெரியும்.

நவம்பர் மழையில் அவரை ஆம்புலன்ஸில் ஏற்றியது நினைவுக்கு வந்தது. இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். உயிர் வீட்டிலேயே போகட்டும் என்று குடும்பத்தார் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்கள். தொண்டையில் இருக்கிற டியூபில் ரப்பர் பையை மாட்டி, வீடு போய்ச் சேரும்வரை கையால் அமுக்கிக்கொண்டே போக வேண்டும். சொந்தக்காரர்கள் முகம் பார்த்ததும் கையை எடுத்துவிட வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த விஷயம், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அன்று நர்ஸுக்கு நேரமில்லாததால் அவர் மனைவி கெங்கம்மாளுக்குப் பையை அமுக்கச் சொல்லிக்கொடுத்தவள் கனிமொழிதான். ஒன்று, இரண்டு, மூன்று, அமுக்கு. கெங்கம்மாள் அதைக் கவனமாகக் கற்றுக்கொண்டு, “எப்ப மா நிறுத்தறது?” என்று கேட்டாள்.

 “நான் போன் பண்றேன்மா. அப்ப சொல்றேன்,” என்று சொல்லிக் கனிமொழி தப்பித்துக்கொண்டாள்.

இருபத்தெட்டாம் நாள் போன் செய்தபோது ஃபாரத்தில் இருந்ததை மட்டும்தான் கேட்டாள். உயிரோடு இருக்கிறாரா என்றதற்கு, கீறாரு மா என்றாள் கெங்கம்மாள். நூற்றில் ஒருவர் அப்படிப் பிழைப்பதுண்டு. ரொம்ப சந்தோஷம் என்று சொல்லி வைத்துவிட்டாள். பின்னால் கேட்ட சத்தத்தைப் பற்றி விசாரிக்கவில்லை.

மேனாம்பேட்டில் அந்தச் சந்து இரண்டு பேர் ஒதுங்கிப் போகும் அகலம்தான் இருந்தது. துலுக்கானம் வீட்டுக்கு இரண்டு பக்கமும் பூட்டிய வீடுகள். இரண்டிலும் ‘வாடகைக்கு’ என்று அட்டை தொங்கி வெயிலில் வெளுத்திருந்தது. கரண்ட் இல்லை. ஒரு டிவி சத்தம்கூட இல்லாத அந்த உச்சி வெயிலில், திறந்திருந்த கதவு வழியாகச் சாம்பிராணியும் பினாயிலும் வாடின மல்லிகையும் கலந்து வந்தன, அவற்றுக்கெல்லாம் அடியில் அழுகின பலாச்சுளை வாசனை ஒன்றும் வந்தது.

புஸ். டக்.

கெங்கம்மாள் வாசலுக்கு வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். வலது கை மட்டும் இடுப்புப் பக்கத்தில் தானாக விரிந்து மூடிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

“வந்துட்டியா மா? உள்ள வா.”

உள்ளே இரும்புக் கட்டில். பக்கத்து ஸ்டூலில் மகள் சிம்ரன், தொழிற்பேட்டைக் கம்பெனி ஒன்றில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், சுவரைப் பார்த்தபடி பையை அமுக்கிக்கொண்டிருந்தாள். கழுத்துவரை போர்வை. கறுத்துச் சுருங்கின உதட்டில் மஞ்சளேறின டியூப். ஒவ்வொரு அமுக்கலுக்கும் போர்வை ஏறியது, இறங்கியது. 

“நானும் இவளும் மாத்தி மாத்தி அமுக்கிகினு கீறோம்,” என்றாள் கெங்கம்மாள். “எப்ப நிறுத்தணும்னு போன்ல சொல்றேன்னியே. ஒருக்கா பண்ணே, ஒன்னியும் சொல்லல. அப்பால இன்னிக்கு வரிக்கும் பண்ணவே இல்ல.” குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

கனிமொழி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அதற்குள் சிம்ரன் பையை நீட்டிவிட்டாள். கைமாறும்போது தாளம் தப்பக்கூடாதே என்ற பதற்றத்தில், யோசிக்காமல் வாங்கி அமுக்கிவிட்டாள். அம்மாவும் மகளும் அப்படியே தரையில் சரிந்தார்கள். தலை தரையில் படும் முன்பே தூங்கிவிட்டார்கள். நான்கு கைகளும் தூக்கத்தில் விரிந்து மூடின.

கூப்பிட்டாள். எழவில்லை.

இடது கையால் அவர் கழுத்தைத் தொட்டாள். இந்த வெயிலில் சில்லென்று இருந்தது. நாடி இல்லை. விரலை எடுத்தாள். அமுங்கின தோல் அமுங்கியே கிடந்தது.

இன்றைக்கோ நேற்றோ நடந்த சாவில்லை. மாதங்கள் ஆகியிருக்கும். இருபத்தெட்டாம் நாளுக்கு முன்பேகூட இருக்கலாம்.

நிறுத்திவிடலாம். நிறுத்தத்தான் வேண்டும்.

கையைத் தளர்த்தினாள்.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

துலுக்கானத்தின் இமைகள் திறந்தன.

அவளைப் பார்த்தார். கெஞ்சவில்லை. மிரட்டவில்லை. காத்திருந்தார்.

அமுக்கினாள். இமைகள் மெல்ல மூடின.

மறுபடி நிறுத்திப் பார்த்தாள். மறுபடி திறந்தன. முன்பைவிட அகலமாக.

அமுக்கினாள். அழுதாள். அமுக்கினாள்.

ஜன்னல் வெளிச்சம் மஞ்சளானது. மணிக்கட்டு வெந்தது. ஸ்டூலில் வைத்திருந்த போன் அடித்தது. இராமகிருஷ்ணன் சார். இடது கையால் ஸ்பீக்கரில் போட்டாள்.

“நூத்திப் பன்னெண்டு என்னாச்சும்மா? உயிரோட இருக்காரா?”

புஸ். டக்.

“இருக்கார் சார்.”

“அப்பாடா. ஒன்னுன்னு போட்டுடறேன். அது என்ன சத்தம்?”

“சார்.” பையை ஒருமுறை அமுக்கினாள். “எப்ப சார் நிறுத்தணும்?”

“என்னது? சரியா கேக்கலம்மா. மீட்டிங்ல இருக்கேன். நான் அப்புறம் போன் பண்றேன்.”

வைத்துவிட்டார்.

புஸ். டக். விடாமல்தான் அமுக்கிக்கொண்டிருந்தாள். ஆனாலும் இமைகள் திறந்தன. இந்த முறை மூடவில்லை. அந்தக் கண்கள் அவளைப் பார்க்கவில்லை, அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தன.